என் நாடகக் குழுவும் உன் அப்பாவும்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே என் இடது கணுக்கால் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், மனத்தாங்கல் எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அப்புறம் நீங்கள் இருவரும் பேசிக்கொள்கிறீர்கள், நான் போனைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிடுகிறேன். நாடகத்தைப் பற்றி அவர் உனக்குச் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் அவர் தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லிக்கொள்ளமாட்டார், அதனாலேயே கேட்கிறவர்களுக்கு அவர்தான் எல்லாம் செய்தது போலத் தோன்றிவிடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வித்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகையால் என் பக்கத்தையும் நீ பொறுமையாகப் படி, படிக்கும்போது சிரிக்காதே.

இது எப்படித் தொடங்கியது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், நீ அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தாய். நான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். வேலை இல்லை, நீயும் இல்லை, உன் அப்பாவோ காலையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போனால் மாலையில்தான் வருவார். நம் கட்டிட மாடிப்படியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் தலை நிமிராமல் முழங்காலை மட்டும் நகர்த்துவார்கள். ஒருநாள் லிப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நானும் சைக்கிள் கடைக்காரர் மகளும் மேல்வீட்டுக் கணக்கரின் பையனும். அந்தப் பெண்ணுக்குக் குரல் சைக்கிள் மணி மாதிரி, அதனால் எல்லாரும் பெல் என்றுதான் கூப்பிடுவார்கள். பையன் குண்டாக, மெத்தென்று இருப்பான், அவன் பஞ்சு. ஆள் வந்து கதவைத் திறக்கும்வரை பெல் லிப்டுக்கு உடம்பு சரியில்லை என்று வைத்துக்கொண்டு அதற்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள், பஞ்சு லிப்டாக நின்று முனகினான். பயத்தில் இருந்த நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுநாளே நூலகத்துக்குப் போய், பழைய செய்தித்தாள் கட்டுகள் அடுக்கியிருந்த அவர்களுடைய கீழ்த்தளத்து அறையைப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கக் கேட்டேன். நூலகர் யோசித்தார். "நாடகம்னா சத்தம் வருமே" என்றார். "சத்தமே போடாத பிள்ளைங்களை நான் ஆஸ்பத்திரியில நிறையப் பாத்திருக்கேன் சார், அது நல்லதில்ல" என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார்.

அந்த லிப்ட்தான் எங்கள் முதல் நாடகம். தரையில் சாக்பீஸால் ஒரு சதுரம், அதற்குள் நாலு பிள்ளைகள், எதிரே அவர்களைப் பெற்றவர்கள். அடுத்த நாடகத்துக்கு நாற்காலி போதவில்லை. அதற்கடுத்த வருஷம் நூலகர் கையெடுத்துக் கும்பிட்டு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார், நான் அலைந்து திரிந்து தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் சமூகக் கூடத்தைப் பிடித்தேன். கூடத்து நிர்வாகியோடு சண்டை போட்டேன், ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பச்சை மறைப்புத் துணிகளை வாங்கித் திரை தைத்தேன், மரக்கடைக்காரரிடம் நைச்சியம் பேசி மேடைக்குப் பலகை வாங்கினேன், மருந்துக்கடை அம்மாவைத் தலைவியாக்கி ஒரு குழு அமைத்தேன். பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஆட்கள் வீடு தேடி வர ஆரம்பித்தார்கள். இத்தனையும் நடந்தபோது உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா. என்னைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே காரிலேயே உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வாங்களேன் என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன், எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா என்று சீட்டைச் சாய்த்துக்கொள்வார்.

இந்த வருஷ நாடகத்தை நானே எழுதினேன். ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குப் போகிறது, சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, மூத்த பெண் மட்டும் வெறும் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று உள்ளேயே இருக்கிறாள். கடைசியில் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஒன்று பேசுவாள், இந்த வீட்டில் நீ எனக்கு என்னவெல்லாம் செய்தாய் என்று ஒவ்வொரு அறையாகச் சொல்லிக்கொண்டே வருவாள். அதை எழுதும்போதே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெல்தான் மூத்த பெண். ஒத்திகை நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் திரைக் கயிற்றைக் கட்டுகிறேன் என்று ஏணியில் ஏறி, இறங்கும்போது கடைசிப் படி என்று நினைத்துக் காற்றில் கால் வைத்தேன். எக்ஸ்ரே அறையில் என்னிடம் வேலை பழகிய பையன்தான் படம் எடுத்தான். அத்தனை வருஷம் நான் மற்றவர்களிடம் சொன்னதை அவன் என்னிடம் சொன்னான், "அசையாம இருங்க மேடம்" என்று. படத்தைப் பார்த்ததும் அவன் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தக் கால் இனி மாவுக்கட்டோடு மெத்தையில்தான் என்று.

நாடகத்தைத் தள்ளிப்போடலாம் என்றேன். கூடம் வேறு நாளில் கிடைக்காது. அப்போதுதான் உன் அப்பா, "நான் போய்க் கதவத் திறந்துவிட்டு சும்மா உக்காந்திருக்கேன், அவங்களே பண்ணிக்கட்டும்" என்றார். சும்மாதானே என்று நானும் அனுப்பினேன். முதல் நாள் திரும்பி வந்து எல்லாம் நல்லாப் போச்சு என்றார். இரண்டாவது நாளும் அதையே சொன்னார். அடுத்த வாரம் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தார்கள், கையில் பழம், முகத்தில் கவலை, எல்லாம் சரிதான். ஆனால் வாய் ஓயாமல் பேசியது முழுக்க அவரைப் பற்றி. அவருக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள், பிரேக் அங்கிள். ஒத்திகையில் யாராவது வசனம் மறந்து தடுமாறினால் இவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி வலது காலைத் தரையில் அழுத்துகிறாராம், கற்றுக்கொள்கிறவர்கள் வண்டியில் இவர் பக்கம் ஒரு பிரேக் இருக்குமே, அந்தப் பழக்கம். வாயால் ஒன்றும் சொல்வதில்லையாம். "அங்கிள் எங்க நிக்கணும்னு சொல்லவே மாட்டாரு டீச்சர், எங்க நின்னா உனக்கு வசதின்னு கேக்குறாரு" என்று பஞ்சு பெரிய அதிசயம் போலச் சொன்னான். நான் ஒவ்வொருவருக்கும் தரையில் சாக்பீஸால் புள்ளி போட்டுக்கொடுத்திருந்தேன் குட்டி. அதில் பாதிக்கு மேல் அழிந்துவிட்டதாம். அழிந்ததைக்கூடச் சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

உனக்குப் புரியும் என்று சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி மேல், ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவள் மேல் எரிந்தால் ஒரு கௌரவம் இருக்கிறது. கட்டின புருஷன் மேல், அதுவும் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, தலை பின்னிவிட்டு, காலுக்குத் தலையணை அடுக்கிவிட்டுப் போகிற மனுஷன் மேல் எரிந்தால் அதை யாரிடம் சொல்வது. உன் மாமா வந்திருந்தான், அவனிடம் லேசாக ஆரம்பித்தேன், "அக்கா, அத்தான் இவ்ளோ உதவியா இருக்காரே, நீ குடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டுப் போனான். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கார் சத்தம் கேட்கிறதா என்று ஜன்னலில் போய் நிற்பாயே, நாள் முழுக்க நடந்ததை அவரிடம் சொல்வதற்கு. பசிக்கிறது என்பதை மட்டும் என்னிடம் சொல்வாய். படுக்கையில் கிடந்தபோது அதெல்லாம் ஞாபகம் வந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை, வந்தது, எழுதுகிறேன்.

நடுவில் ஒரு நாள் எனக்கும் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. கூடத்து நிர்வாகி ஏதோ கூட்டம் என்று சொல்லி அன்றைக்குச் சாவி இல்லை என்றுவிட்டார். உன் அப்பா சரிங்க என்று திரும்பிவந்து பிள்ளைகளை வெளிப்படிக்கட்டிலேயே உட்காரவைத்து ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டார், தூறல் வேறு. பெல் எனக்குப் போன் பண்ணினாள். நான் படுத்தபடியே நிர்வாகியைக் கூப்பிட்டு, அவர் சின்ன மகள் போன நாடகத்தில் நிலாவாக வந்ததையும், இந்த வருஷம் அவளுக்கு வசனம் இருப்பதையும், அவள் இப்போது மழையில் நனைந்துகொண்டிருப்பதையும் எடுத்துச் சொன்னேன். கதவு திறந்துவிட்டது. அன்று உன் அப்பா வந்து, "உன்னை மாதிரி என்னால கேக்க முடியாதும்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டினேன்.

கடைசி ஒத்திகைக்கு ஊன்றுகோலோடு நானும் போனேன். வாசலில் எல்லாரும் ஓடிவந்து டீச்சர் டீச்சர் என்றார்கள், மனசு குளிர்ந்தது, அதோடு திரும்பியிருக்கலாம். உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். புள்ளிகள் ஒன்றுமில்லை, பிள்ளைகள் அவரவர் வீட்டில் நடமாடுவது மாதிரி நடமாடினார்கள். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை. கடைசிக் காட்சி வந்தது. நான் எழுதிய பேச்சைக் காணோம். பெல் ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கை அணைக்கிறாள், சாவியை ஜன்னல் விளிம்பில் வைக்கிறாள், அம்மாவைக் கடந்து போகிறாள், அவ்வளவுதான். நான் ஊன்றுகோலைத் தரையில் தட்டி நிறுத்தினேன். எங்கே என் வசனம் என்று கேட்டேன். எல்லாரும் உன் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, "டீச்சர் எழுதினபடியே பண்ணு கண்ணு" என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். பெல் நகரவில்லை. "அதப் பேசினா எனக்கு அழுகை வருது டீச்சர். பேசாம போனா பாக்கறவங்களுக்கு வருது" என்றாள். வயசு பதினாலு. எழுதினபடி செய் என்றேன். செய்தாள், ஒரு வார்த்தை பிசகாமல் செய்தாள். தரையில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள் பேச்சின் பாதியில் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார்கள். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

திரும்பி வரும் வழியில் கார் சிக்னலில் நின்றபோது நான்தான் கேட்டேன், என்னைக் கேட்காமல் எதற்கு வெட்டினீர்கள் என்று. அவர் முன்னால் இருந்த வண்டியையே பார்த்துக்கொண்டு, "நம்ம பொண்ணு கிளம்பினப்போ ஒண்ணும் பேசலையே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீ விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடிக்கக்கூட இல்லை, தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாய். திரும்பிப் பார்ப்பாய் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தேன். நான் எழுதியது நாடகம் இல்லை, நீ பேசியிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது. அதை எனக்கு முன்னாலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார், கண்டுபிடித்துவிட்டு எனக்குத் தெரியாமல் பத்திரமாக எடுத்து ஓரமாகவும் வைத்துவிட்டார். அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது. என் மனசில் இருப்பது எனக்கு முன்னால் அவருக்கு எப்படித் தெரியலாம்.

நாடகத்தன்று ஒப்பனை அறைக்கு, அது உண்மையில் நாற்காலி அடுக்கும் அறை, தட்டுத் தடுமாறிப் போய்ப் பெல்லைக் கூப்பிட்டு, பேச வேண்டாம், விளக்கை அணைத்துவிட்டுப் போ என்றேன். அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை நீ பார்க்க வேண்டும். மலர்ந்து என்ன, என்னைத் தாண்டி ஓடி அவரிடம்தான் போய்ச் சொன்னாள். என் நாடகத்தை நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தது அதுவே முதல் தடவை. இதுவரை திரைக்குப் பின்னால் நின்று எல்லார் வசனத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். கடைசி விளக்கை அவள் அணைத்தபோது கூடத்தில் ஒரு இருமல் கூட இல்லை. பெல் அம்மாவைக் கடந்து போகும்போது சின்னதாக ஒரு தடவை நின்றாள், யாரும் சொல்லித்தராதது, பிறகு போய்விட்டாள். நான் அழுத அழுகைக்குப் பக்கத்திலிருந்த மருந்துக்கடை அம்மா கால் வலியா என்று கேட்டு மாத்திரை எடுத்துக்கொடுத்தார்கள். ஆமாம் என்று வாங்கி விழுங்கியும்விட்டேன்.

கைதட்டல் முடிந்ததும் அவரை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, "இது டீச்சர் எழுதினது, டீச்சர் ஆரம்பிச்ச குழு. அவங்க கால் சரியாயிடுச்சின்னா அடுத்த மாசம் வந்துடுவாங்க, நான் கிளம்பிடுவேன்" என்றார். கூடமே கைதட்டியது. ஆனால் தட்டுவதற்கு முன்னால், ஒரு நொடிதான், மேடையில் நின்ற பிள்ளைகளிடமிருந்து ம்ச் என்று ஒரு சத்தம் வந்தது குட்டி. வேண்டுமென்று செய்ததில்லை. விளையாட்டு நடுவில் வீட்டுக்குக் கூப்பிட்டால் வருமே, அந்தச் சத்தம். வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. என் காதில் விழுந்தது.

அதற்கப்புறம் சில நாள் உன் அப்பாவிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அவருக்குக் காரணம் தெரியும், கேட்கவும் இல்லை, தேநீரை மட்டும் வழக்கத்தைவிடச் சூடாகப் போட்டுக்கொடுத்தார். மாவுக்கட்டு பிரித்த வாரம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், சலவைக்கடை வைத்திருப்பவள். நாடகத்தைப் பார்த்தாளாம், அவர்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை, பாதையைத் தாண்டி அனுப்பப் பெற்றவர்கள் பயப்படுகிறார்கள், அங்கேயும் ஒரு குழு ஆரம்பிக்க முடியுமா என்று கேட்டாள். கேட்டது உன் அப்பாவிடம். அவர் நிஜமாகவே மிரண்டுபோய், "இடம் பிடிக்கணும், ஆள் சேக்கணும், அதெல்லாம் எனக்கு வராதும்மா" என்று என்னைப் பார்த்தார். அவள் வாயை மூடும் முன் நான் சரி என்றுவிட்டேன். அவள் போனபிறகு அவரிடம் சொன்னேன், கூடத்துக் குழுவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் உங்களுக்குப் பழகிவிட்டார்கள் என்று. பெருந்தன்மையாகச் சொன்னதாக நினைக்காதே, அந்த ம்ச் சத்தத்தை நேருக்கு நேர் இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அவர், நிர்வாகியிடம் பேச வேண்டியது வந்தால் நீதான் பேச வேண்டும் என்றார். அதற்கு ஒப்புக்கொண்டேன்.

போன வாரம் முதல் வகுப்பு. சலவைக்கடைக்குப் பின்னால் துணி உலர்த்தும் அறை, ஈரமும் சோப்பு வாசனையும், தலைக்கு மேல் கொடி கொடியாக விரிப்புகள். ஐந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள், அதில் ஒருத்தி கேட்ட முதல் கேள்வியே, "பிரேக் அங்கிள் வரமாட்டாரா" என்பது. புகழ் ரயில் பாதையையும் தாண்டிவிட்டது பார். என்னைக் கொண்டுவந்து விட்ட அவர் வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், ஒரு பையன் அவருக்கு நாற்காலி இழுத்துப்போடவே போய்விட்டான். நான் அவரைப் பார்த்து, கதவை வெளியிலிருந்து சாத்துங்கள் என்றேன். சாத்திவிட்டார். அப்புறம் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன், எடுத்துத் திரும்பவும் போட்டுவிட்டேன். எங்கே நின்றால் உங்களுக்கு வசதி என்று கேட்டேன். யாரும் நகரவில்லை. சும்மா காத்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அந்தக் கேள்வி கேட்ட பெண்ணே போய் ஒரு விரிப்புக்குப் பின்னால் நின்று, தலையை மட்டும் நீட்டி, "இது கப்பல்" என்றாள். மற்ற நாலு பேரும் ஏறிக்கொண்டார்கள். இதை நான் யாரிடமிருந்து திருடினேன் என்று உனக்குத் தெரியும், அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே.

வேறு விசேஷம் இல்லை. உன் மாமா ஸ்கூட்டரை விற்றுவிட்டான், விற்றபிறகு தினமும் அதைப் பற்றியே பேசுகிறான். நீ கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருப்பதாக மாப்பிள்ளை சொன்னார், முதுகெலும்பை எத்தனை படத்தில் பார்த்தவள் சொல்கிறேன், அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நட. தண்ணீர் குடிக்க மறக்காதே. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பிரியமாக, குறைவில்லாமல் நீடூழி இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

விடுமுறைக்கு நீ வருவதாக இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன் ஒன்றைக் கவனித்துக்கொள். அந்த வாரக் கடைசியில் கூடத்தில் அவர் குழுவின் நாடகம். அதே நாள், அதே மணிக்கு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சலவைக்கடையில் என் குழுவின் முதல் நாடகம். தேதி தற்செயலாக அமைந்துவிட்டது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், உன்னிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. எங்கே வந்து உட்காரப்போகிறாய் என்று இப்போதே யோசித்து வை.

பிரியமுள்ள,
உன் அம்மா